200 என்று அச்சிடுங்கள், 30 என்றும் அச்சிடுங்கள்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் சுவாமிமலை, ஒப்பிலியப்பன் கோவில், திருவிடைமருதூர், குத்தாலம் என்று ஒரே அலைச்சல். இடையிடையே திருவாரூர் ஆழித்தேர், வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி, திருவையாறு ஆராதனை என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவோம். கேமராவை ஒரு முறை வாங்கினால் சில வருடம் ஓடும். லென்ஸ் அதைவிட அதிகம் ஓடும். திரும்பத் திரும்ப வாங்குவது மெமரி கார்டைத்தான். அதை அடைத்து விற்கும் அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஓர் எண்ணைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடையில் போய்க் கார்டு கேட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து இரண்டு மூன்றை எடுத்து மேலே போடுவார்கள். "இது 100 அண்ணே, இது 150, இது 200" என்று சொல்லிக்கொண்டே விலையையும் ஏற்றுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அட்டையில் கண்ணில் படுவது அந்த எண் ஒன்றுதான். வினாடிக்கு 200 எம்பி (மெகாபைட்) என்று பளிச்சென்று போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் "அதிகபட்சம்" என்ற சொல் எறும்பு அளவில் இருக்கும். பின்னால் ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தின் விளக்கத்தைத் தேடி அட்டையைத் திருப்பினால், என் வயதுக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் படிக்க வேண்டும்.

அந்த எண் பொய் என்று நான் புகார் சொல்லவில்லை. பொய்யாக இருந்தால் உங்களுக்கும் வேலை சுலபம், எனக்கும் சுலபம். பெயருள்ள நிறுவனத்தின் அசல் கார்டை, கார்டைக் கணினியோடு இணைக்கும் ரீடரில், அதுவும் அதற்கேற்ற ரீடரில் போட்டு, நல்ல கணினியில் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். அட்டையில் சொன்ன வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் அது கார்டிலிருந்து படிக்கும் வேகம். கேமரா செய்வது கார்டில் எழுதும் வேலை. மண்டபத்தில் நிற்கும் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: நிறுத்தாமல் ஒரு மணி நேரம் எழுதினாலும் இந்தக் கார்டு எந்த வேகத்துக்குக் கீழே இறங்காது? அந்தத் தகவலும் அட்டையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓரத்தில், தெரிந்தவனுக்கு மட்டும் புரியும் ஒரு குறியாக ஒதுங்கிக் கிடக்கிறது.

படிக்கும் வேகத்தை மட்டும் ஏன் பெரிதாகப் போடுகிறார்கள் என்பதற்கு விடை சிப்புக்குள் இருக்கிறது. இந்தக் கார்டுகளில் இருப்பது நாண்ட் ஃபிளாஷ் என்ற வகை நினைவகம். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்துத் தகவலைச் சேமிக்கிறது. படிப்பதென்றால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதும். எழுதுவதென்றால் கொஞ்சம் ஏற்ற வேண்டும், அளவு சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும், மறுபடி கொஞ்சம் ஏற்ற வேண்டும். இப்போது விற்கும் கார்டுகள் பலவற்றில் ஓர் அறைக்கு மூன்று பிட் (பிட் என்பது தகவலின் மிகச் சிறிய அலகு). அதாவது ஒவ்வோர் அறையிலும் எட்டு வெவ்வேறு அளவுகளில் ஒன்றைத் துல்லியமாக நிறுத்தியாக வேண்டும். போதாததற்கு, ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேராக எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதும் 'பக்கம்' என்று சொல்லும் சின்னப் பகுதி ஒன்றை மட்டும் தனியாக முடியாது. பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். முக்கால்வாசி நிரம்பிய கார்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படங்களை நீக்கிவிட்டு மேற்கொண்டு எடுத்தால், கார்டு பழையதை இடம் மாற்றிக்கொண்டே புதியதையும் எழுதித் திண்டாடும். வேகம் படுத்துவிடும்.

இதற்குத் தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கார்டின் ஒரு பகுதியை, அறைக்கு ஒரே பிட் மட்டும் எழுதும் வேகமான இடமாக வைத்துக்கொள்வது. வருவதையெல்லாம் முதலில் அங்கே வாங்கிப் போட்டுக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அடுக்குவது. நல்ல வழிதான். போட்டோகிராபர் இரண்டு படம் எடுத்து நான்கு வினாடி சும்மா இருப்பார், அவருக்கு இது போதும். வீடியோவில் ஓய்வு என்பதே கிடையாது. அந்த வேகமான இடம் நிரம்பும்வரை எல்லாம் பிரமாதமாக இருக்கும், நிரம்பிய பிறகுதான் கார்டின் சொந்த வேகம் வெளியே வரும். அரை நிமிடம் ஓடும் சோதனையில் இது சிக்காது. திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நாட்டையில் ஆரம்பித்து ஸ்ரீராகம் முடியும்வரை வெட்டாமல் எடுக்கிறவனுக்குச் சிக்கும்.

டெல்டாக்காரர்களுக்கு இந்த விவகாரத்தைப் புரியவைப்பது சுலபம். ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறந்தால், வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று எல்லாச் செய்தியிலும் வரும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். அப்புறம் கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால். தலைஞாயிற்றிலோ வேதாரண்யத்திலோ இருக்கும் விவசாயி மேட்டூர்க் கணக்கைக் கேட்டு நாற்று விடமாட்டார். தன் மடையில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார். கார்டு அட்டையில் பெரிதாக இருப்பது மேட்டூர்க் கணக்கு. எங்களுக்கு வேண்டியது கடைமடைக் கணக்கு.

அந்தக் கடைமடைக் கணக்கை யாரும் யோசிக்காமலும் இல்லை. சான்டிஸ்க், தோஷிபா, பிற்காலத்தில் பானசோனிக் என்று பெயர் மாறிய மட்சுஷிதா ஆகிய மூன்றும் 1999இல் நான் சொல்லும் இந்த வகை மெமரி கார்டை, அதாவது எஸ்டி கார்டை அறிமுகப்படுத்தின. அடுத்த வருடமே எஸ்டி அசோசியேஷன் என்ற அமைப்பு வந்தது. வேகத்துக்கு அவர்கள் வகுத்த தரங்கள் நியாயமானவை. எல்லாமே குறைந்தபட்ச எழுதும் வேகத்தை அடிப்படையாகக் கொண்டவை. பிரச்சினை, அவற்றை எழுதிக் காட்டும் விதத்தில். சி என்ற எழுத்துக்குள் 10 இருந்தால் வினாடிக்குக் குறைந்தது 10 எம்பி. யு என்ற எழுத்துக்குள் 1 இருந்தாலும் அதே 10 எம்பிதான். யு-வுக்குள் 3 இருந்தால் 30 எம்பி. வி30 என்று இருந்தாலும் 30. வி60, வி90 என்றால் 60, 90. இவற்றுக்கு நடுவே ரோமன் எழுத்தில் ஒரு 1 தனியாக நிற்கும். அது வேக உத்தரவாதமே இல்லை, கார்டுக்கும் கருவிக்கும் இடையிலான இணைப்பு எந்த வகை என்பதைச் சொல்வது. ஏ1, ஏ2 என்று இன்னொரு கணக்கு வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஒரே கார்டில் 10, 3, 30, 1, 2 என்று ஐந்து எண்கள் இருக்கும், மூன்று ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று விதமாகப் பேசும். என்னிடம் வேலை பழக வரும் தம்பிகளுக்கு அப்பெர்ச்சரையும் ஷட்டரையும் ஒரு சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவேன். இதற்கு ஒரு சாயங்காலம் பத்தாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வீடியோவின் கனத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கார்டின் வேகத்தை மெகாபைட்டில் சொல்வார்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட். எங்கள் வட்டாரத்தில் சாதாரணமாக எடுக்கும் 4கே வீடியோ வினாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், கார்டில் எழுத வேண்டியது வினாடிக்கு 12.5 எம்பி. பெரிய வேகமே இல்லை. வினாடிக்கு 200 மெகாபிட் எடுத்தால் 25 எம்பி, அதுவும் வி30 கார்டுக்குள் அடங்கிவிடும். 400 மெகாபிட்டுக்குப் போனால் 50 எம்பி, அதற்கு வி60 வேண்டும். இந்த மூன்று வரியைத் தெரிந்துகொண்டால் கல்யாண வீடியோக்காரருக்கு எந்தக் கார்டு வேண்டும் என்று முடிவாகிவிடும். இதில் எங்கேயாவது 150, 200 என்ற எண் வருகிறதா பாருங்கள்.

அட்டையில் 150 என்று பெரிதாகவும், ஓரத்தில் யு1 என்று சிறிதாகவும் அச்சிட்ட கார்டுகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அதாவது விளம்பரம் 150. உத்தரவாதம் 10. என் கேமராவின் தேவை 12.5. வாங்குகிறவர் 150ஐப் பார்த்து "நமக்கு எங்கே இவ்வளவு வேண்டும், தாராளம்" என்று திருப்தியோடு காசைக் கொடுப்பார். உண்மையில் அவருக்குத் தேவையான அளவுக்குக்கூட உறுதி தராத பொருளை வாங்கியிருப்பார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். யு1 கார்டுகள் பெரும்பாலான நேரம் 10 எம்பிக்கு மேலேயே எழுதும். அதனால்தான் இது இத்தனை நாள் பெரிய சண்டையாகவில்லை. சில கேமராக்கள் இந்தக் கார்டில் இந்தத் தரத்தில் எடுக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லி மறுத்துவிடும். அது புண்ணியம். மறுக்காத கருவிகள்தான் ஆபத்து. ஓடிக்கொண்டே இருக்கும், ஓடக்கூடாத நேரத்தில் நின்றுவிடும்.

நின்றது. திருநாகேஸ்வரம் பக்கம் ஒரு கல்யாணம். மணவறைக்குப் பக்கவாட்டில் இரண்டாவது கேமரா வைத்திருந்த தம்பி, அந்த வாரம் தன் சொந்தக் காசில் வாங்கிய புதுக் கார்டைப் போட்டிருந்தான். அசல் கார்டு, பில் இருக்கிறது. ஊஞ்சல், மாலை மாற்றல் எல்லாம் ஒழுங்காகப் பதிவானது. கெட்டிமேளம் சொன்ன நேரத்தில் திரையில் எச்சரிக்கை வந்து பதிவு நின்றுபோனது. முதல் கேமராவில் தாலி கட்டியது இருந்ததால் பெண் வீட்டாரிடம் பேச்சு வாங்காமல் தப்பித்தோம். மறுநாள் அந்தக் கார்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். மறுமுனையில் பேசியவர் மிகவும் மரியாதையாகவே பேசினார். 150 என்பது படிக்கும் வேகம், உங்கள் கேமராவுக்கு யு3 கார்டு வாங்கியிருக்க வேண்டும் என்றார். சரி, இந்தக் கார்டு 4கே எடுக்க உறுதியானது இல்லை என்பதை அட்டையின் முன்பக்கத்தில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். "போட்டிருக்கிறோமே சார், யு1 என்று இருக்கிறதே" என்றார்.

அவர் சொன்னதில் சட்டப்படி தப்பே இல்லை. அதுதான் என் புகார்.

200 என்ற எண்ணில் இன்னொரு வேடிக்கை உண்டு. அட்டையில் ரோமன் 1 இருக்கும் கார்டுகள் யுஎச்எஸ்-1 என்ற இணைப்பைப் பயன்படுத்துகின்றன. அந்த இணைப்பின் தரத்திலேயே உச்ச வரம்பு வினாடிக்கு 104 எம்பி. இணைப்பே 104 என்றால் கார்டு எப்படி 200 ஆகும்? தயாரிப்பாளர் தன் சொந்தத் தொழில்நுட்பத்தால் அந்த வரம்பைத் தாண்டுகிறார். அதற்கு ஒத்துழைக்கும் ரீடர் வேண்டும். அந்த ரீடர் தனி விலை. பின்பக்கத்தின் பொடி எழுத்தில் இதைச் சொல்லியும் இருப்பார்கள். கேமராக்கள் தரத்தில் எழுதியபடி நடப்பவை. ஒரு நிறுவனத்தின் சொந்த ஏற்பாட்டுக்கு அவை ஒத்துழைப்பதில்லை. ஆக, 200 என்ற எண்ணை நம்பி அதிகக் காசு கொடுத்த கல்யாண வீடியோக்காரரின் கேமராவில் அந்தக் கார்டு 104ஐத் தாண்டவே வழி இல்லை. நடைமுறையில் அதற்கும் கொஞ்சம் கீழேதான் நிற்கும். நிஜமாகவே 200க்கு மேல் வேண்டுமென்றால் பின்பக்கம் இரண்டாவது வரிசை ஊசிகள் கொண்ட யுஎச்எஸ்-2 கார்டு வேண்டும், அதை ஏற்கும் கேமராவும் வேண்டும். அதன் இணைப்பு வரம்பு 312 எம்பி. விலையும் அதற்கேற்ப.

எங்கள் ஊர்க் கடைகளில் கார்டோடு சேர்த்துக் கொடுக்கும் மலிவான ரீடர்களில் பல இன்னும் யுஎஸ்பி 2.0. அது காகிதத்தில் 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. கையில் வருவது 35, 40 எம்பி. 128 ஜிபி கார்டு ஒன்று நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள். 200 எம்பி வேகத்தில் 11 நிமிடத்தில் கணினிக்கு மாற்றிவிடலாம். சாதாரண யுஎச்எஸ்-1 ரீடரில் 90 எம்பி கிடைத்தால் 24 நிமிடம். கடைக்காரர் கொடுத்த ரீடரில் ஒரு மணி நேரம். ராத்திரி வரவேற்பு முடிந்து வீட்டுக்கு வந்து, நான்கு கார்டைக் காலி செய்து, விடியற்காலை நாலரை முகூர்த்தத்துக்கு மறுபடி கிளம்ப வேண்டியவனுக்கு இந்த வித்தியாசம் தூக்கத்தின் கணக்கு. அட்டையில் இந்த ரீடர் விஷயத்தை ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

போட்டோ எடுக்கிறவர்களுக்கு வேறு விதமான அடி. அட்சதை விழும் அந்தச் சில வினாடிக்கு விரலை எடுக்காமல் அழுத்துவார்கள். கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா படம் ஒன்று 30 எம்பி என்றால் 50 படத்துக்கு 1,500 எம்பி. கேமரா அதைத் தன் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தாங்கிக்கொண்டு கார்டுக்குள் தள்ளும். கார்டு 80 எம்பி எழுதினால் 19 வினாடியில் கேமரா மூச்சு விடும். 30 எம்பி எழுதினால் 50 வினாடி. அந்த 50 வினாடிக்குள் மாப்பிள்ளை மெட்டி போட்டு முடித்திருப்பார். இந்த இரண்டு கார்டின் அட்டையிலும் முன்பக்கத்தில் ஒரே எண் இருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் எழுதும் வேகத்தை முன்பக்கத்தில் போடுவது அவரவர் இஷ்டம்.

இந்த எண்ணால் ஏமாறுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள் மட்டும் இல்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளில் இப்போது சோலார் சிசிடிவி கேமரா மாட்டுகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட தோப்புகளில் மறுபடி வைத்த கன்றுகள், இப்போதுதான் மரமாகி வந்திருக்கின்றன. காய் திருட்டு, மோட்டார் ஒயர் திருட்டு என்று காவலுக்கு ஒரு கேமரா. அதற்குள் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. அந்தக் கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் எழுதினால் அது அரை எம்பி. எந்தக் கார்டும் அந்த வேகத்தைத் தாங்கும். ஆனால் அரை எம்பியை இரவு பகலாக எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை நாளுக்கு ஒரு முறை முழுதாக அழிந்து எழுதப்படும். ஃபிளாஷ் அறைகளுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்று ஆயுள் உண்டு. அங்கே தேவை வேகம் இல்லை, உழைப்பு. அதற்கென்றே நீண்ட உழைப்புக் கார்டுகள் தனியாக வருகின்றன. ஆனால் தோப்புக்காரர் கடைக்குப் போனால் "இதுதான் சார் டாப், 200" என்று கொடுப்பதைத்தான் வாங்கி வருகிறார். சில மாதத்தில் கார்டு பதிவை நிறுத்திவிடும். கேமராவின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும், தேங்காய் போன பிறகுதான் தெரியும்.

போனில் போடுகிறவர்களுக்கும் இதே கதை. ஆப்களைக் கார்டுக்கு மாற்றி வைக்கும்போது வேண்டியது சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதவும் படிக்கவும் கூடிய திறன். ஏ1 குறி அதைத்தான் சொல்கிறது: வினாடிக்கு 1,500 சிறு படிப்புகள், 500 சிறு எழுத்துகள். ஏ2 என்றால் 4,000, 2,000. அதுவும் போன் அதற்குத் தயாராக இருந்தால்தான். 200க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

போலிக் கார்டுகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே நீட்டப் போவதில்லை. 1 டிபி என்று ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத கார்டுகள் வருகின்றன. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்களை ஓட்டினால் அவற்றைப் பிடித்துவிடலாம். போலிக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது, போலீசும் இருக்கிறது. நான் பேசுவது அசல் நிறுவனங்களின் அசல் அட்டையைப் பற்றி.

இப்போது உங்கள் கைக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். விளம்பரம் என்றால் என்ன என்று அதில் ஒரு நீளமான வரையறை இருக்கிறது. ஒளி, ஒலி, புகை, வாயு என்று எதையும் விடவில்லை (புகையால் விளம்பரம் செய்கிறவர் யார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்). அதே வரையறையில் லேபிளும் மேலுறையும் இருக்கின்றன. ஆகவே கார்டின் அட்டையும் விளம்பரம்தான். தவறாக வழிநடத்தும் விளம்பரம் எது என்று சொல்லும் 2(28) பிரிவில், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் ஒன்று. 2022 ஜூனில் நீங்களே வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், பொறுப்புத் துறப்பு வாசகம் மூல வாசகத்தின் அதே எழுத்துருவில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையின் முன்பக்கத்தில் விரல் அகலத்துக்கு 200, பின்பக்கத்தில் எள்ளளவு எழுத்தில் அதன் நிபந்தனை. இதை உங்கள் நெறிமுறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 200 என்ற எண்ணை எடுத்துவிடச் சொல்லவில்லை. அது இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், "குறைந்தபட்ச எழுதும் வேகம்: வினாடிக்கு 30 எம்பி" என்றோ, கார்டு எந்தத் தரமோ அந்த எண்ணையோ போட வேண்டும். யு, வி, சி குறிகள் அவர்கள் ஒப்பந்தப்படி ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். பெரிய எண் கிடைக்கத் தனி ரீடர் வேண்டும் என்றால் அதையும் முன்பக்கத்தில் சொல்ல வேண்டும். இணையக் கடைகளில் பொருளின் தலைப்பிலேயே 200 என்று போடுகிறார்கள். அங்கும் அதே தலைப்பில் குறைந்தபட்ச எண் வர வேண்டும், பத்துப் படத்தைத் தள்ளிப் பார்த்த பிறகு இல்லை.

நிறுவனங்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதும் வேகம் கேமராவைப் பொறுத்தது, கார்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, ஃபார்மட்டைப் பொறுத்தது, உறுதியாக ஓர் எண் சொல்ல முடியாது என்பார்கள். படிக்கும் வேகமும்தான் ரீடரைப் பொறுத்தது, கணினியைப் பொறுத்தது. அதைத் தயங்காமல் அச்சிடுகிறார்களே. மேலும், குறைந்தபட்ச எண்ணை அவர்கள் ஏற்கெனவே உறுதி செய்திருக்கிறார்கள். வி30 குறியைப் போட உரிமை வாங்கியதே அந்த உறுதியைக் கொடுத்துத்தான். குறியாகச் சொல்ல முடிந்ததை எண்ணாகவும் சொல்லலாம். ஒரு நயா பைசா கூடுதல் செலவு இல்லை, அச்சு மையைத் தவிர.

இது முடியாத காரியமும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று நட்சத்திர லேபிளில் எண்ணாகவே இருக்கிறது. பிராட்பேண்டில் குறிப்பிட்ட டேட்டா தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அதற்கு முன்னால் அவர்களும் "அதிகபட்சம்" என்ற சொல்லுக்குப் பின்னால்தான் இருந்தார்கள்.

2028இல் எங்கள் ஊரில் மகாமகம். குளத்தைச் சுற்றி எத்தனை கேமரா, எத்தனை ட்ரோன், எத்தனை போன் இருக்கும் என்று 2016ஐப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்குள்ளும் ஒரு கார்டு இருக்கும். அதற்குள் இந்த அட்டை மாற்றம் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவதை இன்னொரு தடவை எடுக்க வழி கிடையாது.

திருநாகேஸ்வரம் கல்யாணத்தில் நின்றுபோன கார்டின் முன், பின் அட்டைப் படங்களையும், கடை பில்லையும், கேமராத் திரையில் வந்த எச்சரிக்கையின் படத்தையும் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், மற்ற நிறுவனங்களின் அட்டையும் இப்படித்தான் இருக்கிறது என்பது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்திருக்கிறேன். அந்தப் பதிவு எண்ணை உறையின் மேல் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரன்